பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களுக்கு

மே மாத லீவு வந்துவிட்டால் நம் திருநெல்வேலிப் பக்கத்து சபைகளில் பணித்தளப் பயணம் என்று ஒரு சீசன் ஆரம்பித்துவிடும். ஒரே நிறத்தில் டி-ஷர்ட், கிட்டாரோடு நாலு பையன்கள், ஒரு மூட்டை பழைய துணி, ரயிலில் சாப்பிடப் புளிச்சோறு. போன இடத்தில் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பாட்டு சொல்லிக்கொடுப்பார்கள், திரும்பி வந்து ஆராதனையில் புரொஜெக்டர் போட்டுக் காட்டுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் உங்களுக்குப் பெயிண்ட் வேண்டுமா என்று அந்த ஊர்க்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த வட்டாரத்தில் பெயிண்ட் அடிக்கத் தெரிந்து, வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவராவது இருப்பாரே.

இதே பேச்சு உலகத்தின் மறுகோடியில், மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் ரொம்ப காலமாக நடக்கிறது. அமெரிக்காவில் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் சபைகளுக்கும் அங்குள்ள மாயா பழங்குடி சபைகளுக்கும் நடுவில் இருக்கிற உறவைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க நம் கதை மாதிரியே இருக்கிறது, சில இடங்களில் நம்மைவிட அவர்கள் ஒரு படி முன்னால் போயிருக்கிறார்கள்.

1882-இல் குவாத்தமாலா அதிபர் ஹுஸ்தோ ருஃபினோ பார்ரியோஸ்தான் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகளைக் கூப்பிட்டார். பக்தியினால் இல்லை, கத்தோலிக்க சபையின் பிடியைத் தளர்த்த அவருக்கு இன்னொரு சபை தேவைப்பட்டது. முதலில் தலைநகரத்தில்தான் வேலை. மலைப்பக்கத்து மாயா மக்களிடம், அதாவது கிச்சே, கக்சிகேல், மாம், கெக்சி என்று அவரவர் மொழி பேசுகிற ஜனங்களிடம், அப்புறம்தான் போனார்கள். அப்போதும் அதிகாரம் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் கையில்தான் இருந்தது. 1959-இல் கிச்சே சபைகள் தங்களுக்கென்று தனிப் பிரெஸ்பிட்டெரி அமைத்துக்கொண்டன. (பிரெஸ்பிட்டெரி என்றால் ஏறக்குறைய, சில சபைகள் சேர்ந்த நம் சேகரத்துக்கும் பேராயரின் கீழுள்ள திருமண்டலத்துக்கும் நடுவில் ஒன்று, ஆனால் பேராயர் கிடையாது, போதகர்களும் மூப்பர்களும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள்.) அதற்குப் பிறகு மற்ற மாயா மொழிக்காரர்களும் அதே வழியில் போனார்கள். வெளியிலிருந்து பணமோ ஆளோ வந்தால் இனி இவர்களுடைய மேஜைக்கு வந்துதான் பேச வேண்டும்.

எனக்கு ரொம்பவும் பிடித்த விஷயம் வேறொன்று. அந்த சபையின் செமினரி, அதாவது போதகர்களுக்கான இறையியல் கல்லூரி, தலைநகரத்தில் இருந்தது. கிராமத்தில் உண்மையில் சபையை நடத்திக்கொண்டிருந்தவர் யார்? நாற்பது வயது விவசாயி, நாலைந்து பிள்ளைக்குத் தகப்பன். அவர் சோளக்காட்டை விட்டுவிட்டு மூன்று வருஷம் பட்டணத்தில் போய்ப் படிப்பாரா? போய்ப் படித்த வாலிபனோ ஊருக்குத் திரும்ப மனசில்லாமல் அங்கேயே வேறு வேலை பார்த்துக்கொண்டான். சரி, செமினரியையே கிளப்பு என்று சான் ஃபெலிப்பே என்ற சின்ன ஊருக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை என்று 1963-இல் பாடத்தையே மாணவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் விளக்கு வைத்தபின் பயிற்சிப் புத்தகத்தை எழுதிப் படிக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஆசிரியர் பக்கத்து ஊருக்கு வருவார், எல்லோரும் கூடி உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். ஜேம்ஸ் எமெரி, ரால்ஃப் வின்டர், ராஸ் கின்ஸ்லர் என்ற மூன்று மிஷனரிகள் முன்னின்று செய்தது இது. இந்தியாவில் பெங்களூரை மையமாக வைத்து 1971-இல் தொடங்கிய டாஃப்டீ என்ற இறையியல் படிப்பு அமைப்பு இந்த முறையில் வந்ததுதான். நம் ஊரில் பேங்க் வேலை பார்த்துக்கொண்டே இறையியல் படித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் படிப்புக்கு வழி பிறந்தது குவாத்தமாலாவில் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அந்த நாட்டில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். சுமார் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், பெரும்பாலும் மாயா மக்கள். அதில் மோசமான காலகட்டத்தில் ஆட்சி நடத்திய ரியோஸ் மொந்த் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் உபதேசம் பண்ணின சுவிசேஷ கிறிஸ்தவர், அவருக்கு அமெரிக்காவில் ஜெபித்த சபைகளும் உண்டு. இன்னொரு பக்கம் மனித உரிமை வேலை செய்த கக்சிகேல் பிரெஸ்பிட்டேரியன் போதகர் மனுவேல் சாக்கிக் 1995-இல் கொல்லப்பட்டார். 1993-இல் மெக்சிகோவிலிருந்து அகதிகள் ஊர் திரும்பியபோது வெளிநாட்டு சபையார் சிலர் கூடவே போய்த் தங்கினார்கள். அவர்கள் எதையும் கட்டவில்லை. வெளிநாட்டான் பக்கத்தில் நின்றால் ராணுவம் கை வைக்க யோசிக்கும், அதற்காகத்தான். இதுவும் ஊழியம்தான் என்பது என் கட்சி.

இப்போது அங்கே வெளிநாட்டு சபையார் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி வைத்துக் கொடுக்கிறார்கள். பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் தொடங்கிய லிவிங் வாட்டர்ஸ் ஃபார் த வேர்ல்ட் என்ற அமைப்பு முதலில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து உடன்படிக்கை எழுதிக்கொண்ட பிறகுதான் குழாயையே தொடுகிறது. ஃபில்டரை யார் மாற்றுவது, கரண்ட் பில் யார் கட்டுவது, உள்ளூரில் யார் பயிற்சி எடுப்பது, எல்லாம் அதில் வந்துவிடும். நம் ஆட்கள் வைத்துவிட்டு வந்த ஒரு போர்வெல் மோட்டார் இரண்டாம் வருஷமே துருப்பிடித்துக் கிடக்கிறது, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை.

நமக்கு இதெல்லாம் புதுசு இல்லை. லண்டன் காசில் வளர்ந்த சபை நம்முடையது, 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி தோர்ணக்கல் பக்கம் தெலுங்கு ஜனங்களிடம் ஆள் அனுப்பியதும் நாம்தான், அதுவும் வெளிநாட்டுக் காசு இல்லாமல். சோறாக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைக்கிற பழக்கம் எங்கள் ஆச்சிக்கு இருந்தது. மாசக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்தார் வந்து சாக்கில் கொட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நம் வெள்ளாளன்விளை அசரியாதான் 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். கேட்கிற இடத்தில் அன்று இருந்தோம். இன்று ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் நம்மைப் பார்த்து அதையே கேட்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், மரியாதைக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் வாலிபர் சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்: இந்த வருஷம் டி-ஷர்ட்டுக்கும் பெயிண்டுக்கும் ஆகிற காசில், நாம் போவதாக இருந்த ஊர்ச் சபையின் மூப்பர்கள் இரண்டு பேரையும் அவர்கள் வீட்டம்மாக்களையும் இங்கே வரவழைப்போம். அசனத்தில், அதாவது சபை விருந்தில், அவர்களைச் சும்மா மாலை போட்டு மேடையில் உட்கார வைக்க வேண்டாம். கமிட்டிக் கூட்டத்துக்குக் கூட்டிப் போய், நம் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, எங்கள் சபையில் என்ன குறை தெரிகிறது என்று கேட்போம். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். போதகர் ஐயரவாளுக்கு முழுச் சம்மதம், பொருளாளருக்குத்தான் கணக்கு நோட்டு விஷயம் கொஞ்சம் இடிக்கிறது.