பத்திரம், கடன், சாவி: மணமுறிவில் வீட்டைப் பிரிக்கும்போது

மணவாழ்க்கை முடிந்து சொத்தைப் பிரிக்க உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது "வீடு யாருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பத்திரத்தில் யார் பெயர்? கடனில் யார் கையெழுத்து? சாவி யார் கையில்? மூன்றும் தனித்தனி முடிச்சுகள். ஒன்றை அவிழ்த்தால் மற்ற இரண்டும் தானாக அவிழ்ந்துவிடும் என்று நம்பியவர்கள்தான் பல வருடம் கழித்து வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்து திடுக்கிடுகிறார்கள்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். கலிபோர்னியாவில் மணவாழ்க்கையின்போது சம்பாதித்துச் சேர்த்தது பொதுவாகச் சரிபாதி. இங்கிலாந்தில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவரின் தேவை, பிள்ளைகளின் நலன், குடும்பத்துக்குச் செய்த பங்களிப்பு எல்லாவற்றையும் நீதிமன்றம் எடைபோடும். இந்தியாவில், கோவா போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, கணவன் மனைவிக்குப் பொதுச்சொத்து என்ற முறையே இல்லை. பத்திரத்தில் உள்ள பெயரும், பணம் எங்கிருந்து வந்தது என்ற ஆதாரமும்தான் பேசும். ஆனால் பங்கு முடிவான பிறகு செய்ய வேண்டிய வேலை எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கணக்கு. வீட்டின் சந்தை மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிக் கடன் 40. விற்றால் தரகு, வக்கீல், பதிவு என்று செலவு 4. விற்றுப் பிரித்தால் கைக்கு வருவது 56, ஆளுக்கு 28. ஒருவரே வைத்துக்கொண்டால் விற்பனைச் செலவு கிடையாது, மீதி 60, வெளியே போகிறவருக்கு 30. அந்த 2 யாருடையது என்பதில்தான் பேச்சுவார்த்தை முறியும். "நாளைக்கு நான் விற்றால் செலவு என் தலையில்தானே" என்பார் வைத்துக்கொள்பவர். "இப்போது விற்கவில்லையே" என்பார் போகிறவர். இரண்டிலும் நியாயம் உண்டு. அதனால் மதிப்பீட்டாளரைக் கூப்பிடும் முன்பே இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளரும் இருவரும் சேர்ந்து நியமித்த ஒருவராக இருந்தால் நல்லது. ஆளுக்கொருவரை வைத்தால் இரண்டு எண் வரும், பிறகு அந்த எண்களுக்காகத் தனிச் சண்டை வரும்.

அதே கணக்கை வைத்துக்கொள்பவர் பக்கமிருந்து பாருங்கள். பழைய கடன் 40, கொடுக்க வேண்டிய பங்கு 30. கையில் ரொக்கம் இல்லையென்றால் புதிதாக 70-க்குக் கடன் வாங்க வேண்டும். இரண்டு சம்பளத்தில் 40-க்குத் தவணை கட்டிய இடத்தில் ஒரே சம்பளத்தில் 70-க்குக் கட்ட வேண்டியிருக்கும். வங்கி இதற்கு ஒப்புக்கொள்ளுமா என்று எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் "வீடு எனக்கு" என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிந்த நாளிலிருந்து ஒப்பந்தம் வரைக்கும் ஒருவர் மட்டுமே தவணை கட்டியிருப்பார். அத்தனையும் தன் பங்கில் சேர வேண்டும் என்று கேட்பார். ஆனால் 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் மாதத் தவணையில் 100-க்கு 83 வட்டிக்கே போகிறது. தவணையில் அசலும் வட்டியும் சமமாவதற்கே 12 வருடத்துக்கு மேல் ஆகும். வீட்டில் இருவரின் பங்கையும் கூட்டுவது அசல் குறைந்த அளவு மட்டும்தான். கட்டியவரே அந்த வீட்டில் குடியிருந்தால், வட்டியை வாடகைக்கு ஈடாகக் கொள்வது ஓரளவு நியாயமான வழி. குடியிருக்காமல் கட்டியிருந்தால் கதை வேறு; அப்போது வட்டியையும் கேட்பதில் தவறில்லை. வங்கியிடம் அசல், வட்டி பிரித்த அட்டவணையை வாங்கிவிட்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

இனி முக்கியமான இடம். "கடனை இனி அவரே கட்டுவார்" என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டாலும், நீதிமன்றமே தீர்ப்பில் எழுதினாலும், வங்கி அதில் ஒரு தரப்பு இல்லை. கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை, அவர் கட்டத் தவறினால் வங்கி உங்களிடம் வரும். உங்கள் கிரெடிட் ஸ்கோர் விழும். பழைய கடன் உங்கள் பெயரில் நிற்பதால் அடுத்த வீட்டுக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டமாகும். இருப்பதிலேயே மோசமான நிலை, பத்திரத்தில் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடனில் மட்டும் தொங்குவது. ஆகவே வரிசை மாறக் கூடாது: புதுக் கடன் ஒப்புதல், பழைய கடனிலிருந்து உங்களை விடுவிக்கும் கடிதம், பங்குப் பணம், அதன் பிறகே உரிமை மாற்றும் பத்திரம். முடிந்தால் எல்லாம் ஒரே நாளில்.

பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை விற்பனையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் பங்கைத் தொகையாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள். தொகையாக எழுதினால் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒருவர் ஏமாறுவார். கூரை ஒழுகினால் யார் செலவு, வரியும் காப்பீடும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் விற்றாக வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஈடாக ஓய்வூதிய நிதியையோ நிறுவனப் பங்குகளையோ விட்டுக்கொடுக்கும்போது ஒரே எண்ணை ஒரே மதிப்பாக எண்ணிவிடாதீர்கள். 50-க்கு ரொக்கமும், 20-க்கு வாங்கி இன்று 50 ஆன பங்கும் பல நாடுகளில் சமமல்ல. இரண்டாவதை விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. ஓய்வூதிய நிதியைப் பிரிக்கப் பல இடங்களில் உங்கள் ஒப்பந்தம் மட்டும் போதாது, தனி உத்தரவு வேண்டும்.

மேசை, நாற்காலி, குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கிய விலையைப் பார்க்காதீர்கள், பழைய சாமானாக விற்றால் என்ன கிடைக்குமோ அதுவே மதிப்பு. ஒருவர் இரண்டு பட்டியல் போடட்டும், மற்றவர் எது வேண்டும் என்று எடுக்கட்டும். புகைப்படங்களை நகல் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம்.

பிரிவு பேச்சு தொடங்கிய வாரத்திலேயே கூட்டு வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். உங்கள் கணக்கில் மற்றவர் பெயருக்கு வாங்கிய கூடுதல் கிரெடிட் கார்டை நிறுத்துங்கள். காப்பீட்டிலும் வைப்புத் தொகையிலும் நாமினி யார் என்று பாருங்கள். வீடு கூட்டு உரிமையில் இருந்தால், ஒருவர் இறந்ததும் முழுவதும் மற்றவருக்குப் போகும் வகையா, அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்குப் போகும் வகையா என்று வக்கீலிடம் கேளுங்கள். முதல் வகையென்றால், வழக்கு முடிவதற்குள் மரணம் நேர்ந்தால் பிரிந்து போனவருக்கே முழு வீடும் சேர்ந்துவிடக்கூடும்; அதைப் பல நாடுகளில் ஓர் எழுத்துப்பூர்வ அறிவிப்பாலேயே இரண்டாம் வகைக்கு மாற்றிவிடலாம்.