பனைவிளையில் லைவ் சவுண்டு

காலேஜ் பசங்க குறும்படம் எடுத்தால் கேமராவைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், மைக் பிடிக்க ஆள் கிடைக்காது. எங்கள் செட்டில் ஒருத்தன் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். படத்தில் ஆச்சி பேசுவது இன்று தெளிவாகக் கேட்கிறதென்றால் அது அவனால்தான், அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

கதை சின்னது. பேரப்பிள்ளைகள் பனைவிளையை, அதாவது பனந்தோப்பை, விற்கப் பார்க்கிறார்கள், ஆச்சி விட மறுக்கிறாள். நெல்லை மாவட்டத்தில் பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் நடுவில் நண்பன் வீட்டு விளை இருந்தது, அவனுடைய ஆச்சியே நடிக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் நாங்கள் போனது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் அந்தப் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள், அது போதாதென்று தலைக்கு மேலே பனையோலை வேறு ஓயாமல் சடசடக்கும்.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆச்சியை ஒரு அறையில் உட்கார வைத்து உதட்டசைவுக்குப் பேசச் சொன்னால் அந்தப் பேச்சு செத்துவிடும் என்றான், அது முழுக்கச் சரி. நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை ஆச்சி ஒரு தடவை கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள், கேமரா ஓடும்போது அவர்களாகச் சொன்னது இது: “அவிய ஏறுன பனையாக்கும் எய்யா, எப்படி விக்க?” அந்த ‘எய்யா’வை ரெண்டாவது தடவை யாரால் வாங்க முடியும்?

காற்று நேராக மைக்குக்குள் சத்தத்துக்கு அதிர்கிற மெல்லிய சவ்வில் மோதுவதுதான் அந்தத் தடதட சத்தம், எடிட்டிங்கில் அதை முழுசாக எடுக்க முடியாது. அதனால் மைக்குக்கு ரோம உறை போட்டான், ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தைக் குறைத்தான், ஆச்சி பேசும் ஷாட்டை எல்லாம் காற்றுக்கு மறைவாக வீட்டுச் சுவர் ஓரத்துக்கு மாற்றச் சொன்னான். ஃபிரேம் கெடுகிறது என்று கேமராக்காரன் கோபப்பட்டான். அப்போதுதான் முடிவு பண்ணினோம், ஹெட்போன் போட்டிருக்கிறவன் கையைத் தூக்கினால் டேக் நிற்கும், டைரக்டர் உள்பட யாரும் அதற்கு மேல் பேசக் கூடாது. நண்பர்களுக்குள் வேலை செய்யும்போது இப்படி ஒரு அதிகாரத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுப்பது ரொம்ப முக்கியம், இல்லையென்றால் குரல் பெரிசாக இருக்கிறவன் ஜெயிப்பான்.

அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு இடத்திலும் ஷூட்டிங் முடிந்தது என்று பேக்கப் சொல்வதற்கு முன்னால், “கொஞ்ச நேரம் வாய மூடுங்கல” என்று எல்லோரையும் நிறுத்திவிட்டு வெறும் ஓலைச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அது பெரிய எரிச்சல். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது, ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்கின காற்றை அந்த ஒரே பதிவை அடியில் ஓடவிட்டுத்தான் சேர்க்க முடிந்தது.

ஆச்சிக்குப் போட்டுக் காட்டினோம். தன் குரலைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், திரும்பப் போடச் சொன்னார்கள். அடுத்த படத்துக்கு யார் எந்த வேலை என்று பேச்சு வந்தால், சவுண்டுக்கு மட்டும் பேச்சே கிடையாது, அவன்தான்.