தினமும் 0.1 கிராம்

1974-இல் மொரீசியஸ் காடுகளில் மிஞ்சியிருந்ததாகத் தெரிந்த கெஸ்ட்ரல்கள் நான்குதான். புறாவை விடச் சிறிய வல்லூறு அது. காடழிப்பு, டிடிடி பூச்சிக்கொல்லித் தெளிப்பு, வெளியிலிருந்து வந்த கீரி, எலி, குரங்கு எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குத் தள்ளின. 1979-இல் அங்கு போன உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் தலைமையில் அந்த இனம் மீண்டது. பறவையைப் பறக்கவிடும் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பாதி வேலை தராசில் நடக்கிறது.

முதல் ஈட்டில், அதாவது முதல் முறை, இட்ட முட்டைகளை இன்குபேட்டர் என்ற பொரிப்புப் பெட்டியில் வைக்க எடுத்துவிட்டால் பெண் பறவை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறுபடி முட்டையிடும். உடனே எடுத்தால் மறு ஈடு சீக்கிரம் வரும். ஆனால் ஒரு வாரமாவது தாய் அடைகாத்த முட்டைதான் இன்குபேட்டரில் நன்றாகப் பொரியும். இந்த இழுபறிக்கு ஒரே விடை கிடையாது, ஜோடியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரியை ஒட்டி இருக்கும். முட்டை பொரியும் முன் தன் எடையில் சுமார் 15 சதவீதம் இழக்க வேண்டும். 20 கிராம் முட்டை என்றால் 30 நாளில் 3 கிராம், அதாவது நாளொன்றுக்கு 0.1 கிராம். இழப்பு குறைந்தால் காற்றறை சிறுத்து, ஓட்டை உடைக்கும் நேரத்தில் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும். இழப்பு கூடினால் குஞ்சு வறண்டு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்; ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நாள் நிறுக்காமல் விட்டால் திருத்த ஒரு நாள் போச்சு.

பொரிந்த குஞ்சுக்குத் தீனிப்பை காலியாகும் முன் அடுத்த வேளை ஊட்டினால் உள்ளேயே புளித்துவிடும். எலும்பில்லாத வெறும் இறைச்சி கொடுத்தால் கால் வளையும். ஊட்டும் கையைப் பார்த்தே வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக நினைக்கும். அதனால்தான் பறவைத்தலை போன்ற கையுறையை மாட்டி ஊட்டுவது. பறக்கும் முன்பே குஞ்சுகளைக் காட்டுக்கூண்டில் வைத்து, ஆள் தெரியாமல் இரை போடுவார்கள். கதவு திறந்த பிறகும் பல வாரம் அதே இடத்தில் இரை இருக்க வேண்டும். வேட்டை பழகும் முன் நிறுத்தினால் அவ்வளவு உழைப்பும் பட்டினியில் போகும்.

1994 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட பறவைகள் விடப்பட்டன. பிறகு தீவிரப் பராமரிப்பு நின்றது. 2014-இல் மறுபடி அழியும் நிலைப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. மனம் வலிக்கும் செய்தி. கூடுபெட்டிகள் மழையில் இற்றுப்போகின்றன. குரங்கு எட்டாத இடத்தில் புதியதை மாட்ட ஒவ்வோர் இனப்பெருக்கப் பருவத்துக்கும் முன் ஒருவர் மரமேற வேண்டும்.