48 எழுத்தைத் தாளில் எழுதாததால் வந்த அலைச்சல்

குடும்ப அரட்டையை மேட்ரிக்ஸ் (யார் வேண்டுமானாலும் சொந்தமாகச் சர்வர் வைத்து நடத்தக்கூடிய அரட்டை வலையமைப்பு) பக்கம் இழுத்து வந்தவர்கள், பழைய கைப்பேசியைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் தெரியாமல் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் அலைந்தேன்.

புதுக் கைப்பேசியில் எலிமெண்ட் என்ற மேட்ரிக்ஸ் செயலியைப் போட்டு உள்ளே நுழைந்தது இரண்டு நிமிட வேலை. குடும்ப அறையின் பெயர் வந்தது, ஆட்களின் பெயரெல்லாம் வந்தது. செய்தி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், திறக்க முடியவில்லை என்று வரிசையாக ஒரே வாசகம். பூட்டிக் கிடந்த செய்திகளுக்குக் கீழே அக்கா போட்ட சிரிப்பு முகங்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. எதற்குச் சிரித்தாள் என்று தெரியாது. அந்தச் சிரிப்பு முகங்களுக்கும் அறைப் பெயருக்கும் குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி போடும் பூட்டு, கிடையாது என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். 2020 மே மாதத்திலிருந்தே புதிதாகத் தொடங்கும் தனி அறைகளில் பேசுபவர்களைத் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத எண்ட் டு எண்ட் குறியாக்கம் தானாகவே வந்துவிடுகிறது. ஒருமுறை வந்தால் அணைக்கவும் முடியாது. அதற்காகத்தானே போனோம்? பழைய கைப்பேசியில் லாக் அவுட் செய்யும்போது, செய்திகளைத் திறக்கும் சாவி போய்விடும் என்று எச்சரிக்கையும் வந்தது. கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பின்னால் நாலு பேர் வரிசை. சரி சரி என்று தட்டிவிட்டேன். புதுக் கருவியில் பழைய செய்திகளைத் திறக்க உதவும் 48 எழுத்து மீட்புச் சாவியை, நாலு நாலாகப் பன்னிரண்டு கொத்து, பத்திரமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துத்தான் வைத்திருந்தேன். எங்கே? அதே கைப்பேசியில்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்துத் தேக்காவில் இருக்கும் அந்தக் கடைக்கு ஓடினேன். "அண்ணே, அதெல்லாம் நேத்தே அழிச்சாச்சு" என்றார் கடைக்காரர். பேருக்கு ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்து மச்சானைப் பிடித்தேன். எங்கள் சர்வரை நடத்துவது அவன்தான். "உன் சர்வர்தானே, திறந்து குடுடா." விழுந்து விழுந்து சிரித்தான். "என்னால திறக்க முடியும்னா நீங்கல்லாம் எதுக்கு இங்க வந்தீங்க?" சர்வரில் இருப்பது பூட்டிய பொட்டலம் மட்டும். சாவி அவரவர் கருவியில். அதுவும் ஒரே சாவி இல்லை. அனுப்புகிற ஒவ்வொரு கருவியும் வாரத்துக்கு ஒருமுறையோ 100 செய்திக்கு ஒருமுறையோ சாவியை மாற்றிக்கொண்டே போகும். இரண்டு வருட அரட்டைக்கு ஒரு கொத்துச் சாவி வேண்டும்.

அந்தக் கொத்து அக்காவின் மடிக்கணினியில் இருந்தது. உலாவியில் திறந்து, அமைப்புகளில் குறியாக்கம் பகுதிக்குப் போனால் சாவிகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அதற்கு ஒரு கடவுச்சொல்லும் போட வேண்டும். அக்கா தயங்கினாள். "என் ஃபிரெண்ட்ஸோட பேசினதெல்லாம் நீ படிச்சிடுவியா?" நியாயமான பயம். அவள் இருக்கும் எல்லா அறைகளின் சாவியும் அந்தக் கோப்பில் போகும். ஆனால் நான் இல்லாத அறையின் செய்தி எனக்கு வந்து சேராது; சாவி இருந்தும் திறக்கப் பெட்டி இருக்காது. ஒரு பிரியாணிக்கு ஒப்புக்கொண்டாள். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், யூஎஸ்பியில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

என் மடிக்கணினியில் அதை இறக்குமதி செய்ததும் திறந்த முதல் செய்தி: "யாராவது வரப்போ பால் வாங்கிட்டு வாங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

மீட்புச் சாவி இல்லாததால், பேசுவது நான்தான் என்று மற்றவர்களுக்குக் காட்டும் என் குறியாக்க அடையாளத்தையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. உடனே தோ பாயோவிலிருந்து அம்மாவின் அழைப்பு: "உன் பேர்ல யாரோ பூந்துட்டாங்களாம்டா, எச்சரிக்கை வருது." சரிபார்க்க இரண்டு பேர் திரையிலும் ஒரே ஏழு படங்கள் வர வேண்டும். அம்மா வாசித்தார்: யானை, குடை, வாழைப்பழம், சாவி, மணி. "அப்புறம் ஒரு உடுக்கை." என் திரையில் மணற்கடிகாரம். "கடைசில நாதஸ்வரம்." டிரம்பெட். பொருந்துகிறது என்று அழுத்தினேன்.

புது மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டேன். கையால் எழுதினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து எழுதுங்கள். எனக்கு முதல் தடவை ஒரு எழுத்து தப்பி, ஏற்றுக்கொள்ளவில்லை.

அக்காவும் அம்மாவும் அறையில் சேர்வதற்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் திறக்கவே இல்லை. அப்போது அங்கே இருந்தது நானும் ஈப்போ பெரியம்மாவும்தான். பெரியம்மாவோ செயலியை எப்போதோ தூக்கிவிட்டார். அவர் ஆறு நிமிடம் பேசிய அதிரசப் பக்குவம் அதற்குள்தான் கிடக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டு, மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

"அன்னிக்கே அவ்வளவு நேரம் சொன்னேனே, நீ எழுதி வச்சுக்கலையா?"