ஏழாவது வரி

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் ஊரில் காலமானார் என்ற செய்தி நவம்பர் கடைசியில் வந்தது. அவரைப் பற்றிப் பழைய மாணவர்களின் இந்த மலருக்கு எழுதித் தருவதாகச் செயலாளரிடம் ஒத்துக்கொண்ட நான், இரண்டு வாரமாக ஒரு வரியும் ஓடாமல் இருந்துவிட்டு, டிசெம்பர் 11 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள ஸ்கொப்விக் என்னும் சிற்றூருக்குக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். 1991இல் ஆண்டு பத்தில் என்னோடு இருந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அந்த ஆண்டில் ஒருநாள் மூன்றாம் பாடத்தில் சேர் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பதினான்கு வரிக் கவிதையொன்றைத் தமது பழைய கொப்பியிலிருந்து கரும்பலகையில் எழுதினார். 1981இல் எரிக்கப்படுவதற்கு முன் யாழ்ப்பாண நூலகத்தில் பார்த்தெழுதிய கவிதை அது. எழுதியவர் ஜோன் கில்லெஸ்பி மகீ. அமெரிக்கத் தகப்பனுக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1922இல் ஷங்காயில் பிறந்தவர். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிராததால் கனடாவுக்குப் போய் அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்து, இங்கிலாந்தில் ஸ்பிற்ஃபயர் என்னும் சண்டை விமானம் ஓட்டினார். அந்தக் கவிதையை 30,000 அடி உயரத்தில் தொடங்கி, தரையிறங்கியதும் முடித்ததாகப் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

சேர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். பறத்தலின் ஆனந்தத்தைப் பாடுகிற வரிகள். குண்டுபோட வரும் சியாமாச்செட்டி விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், பாயப் பழகியிருந்த பிள்ளைகளுக்கு அவற்றைப் படிப்பிக்க அவருக்கு எப்படி மனம் வந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஏழாவது வரி முடிந்ததும் நான் எழுந்தேன்.

"சேர், இவர் போட்ட குண்டு எங்கை விழுந்தது?"

வகுப்பே சிரித்தது. சேர் கோபிக்கவில்லை. "இவர் பொம்மர் ஓட்டேல்லை ஐசே, ஃபைட்டர். பயிற்சிப் பறப்பிலை செத்தவர்."

"அப்ப சும்மா செத்திருக்கிறார்."

இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. "வெளியிலை போய் நில்லும்" என்றார். ஆறாம் வகுப்புப் பெடியள் எட்டியெட்டிப் பார்க்க வெயிலில் நின்றேன். சற்று நேரத்தில் தண்டவாள மணி விடாமல் அடித்தது. எல்லாரும் பங்கருக்கு ஓடினார்கள். வீம்பில் நான் அசையவில்லை. பங்கர் வாசல்வரை போன சேர் திரும்பி ஓடிவந்து, என் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்துப்போனார். வழியில் அவருடைய ஒரு செருப்புக் கழன்றது.

அந்த இருட்டுக்குள், மேலே விமானம் சுற்றிக்கொண்டிருக்க, மிகுதியைக் காதோடு சொன்னார்: 1941 டிசெம்பர் 11 அன்று, மற்ற ஸ்பிற்ஃபயர்களோடு முகிலைத் துளைத்துக் கீழிறங்கிய மகீயின் விமானம், முகிலுக்கு அடியில் வந்துகொண்டிருந்த, க்ரான்வெல் தளத்தைச் சேர்ந்த ஒக்ஸ்ஃபோர்ட் பயிற்சி விமானமொன்றோடு மோதியது, மகீ வெளியே குதித்தும் பரசூட் விரிய உயரம் போதவில்லை. அவருக்கு வயது 19. "மற்ற விமானத்தை ஓட்டின பெடியனும் செத்தவன்" என்றார் சேர். "அவன் கவிதை ஒண்டும் எழுதேல்லை."

மறுநாள் மன்னிப்புக் கேட்பதென்று வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் வேறு சோடிச் செருப்போடு வந்தார், பலகை துடைக்கப்பட்டிருந்தது, மூன்றாம் பாடம் இலக்கணம். அடுத்த ஆண்டு என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பங்கருக்குள் என்னோடு குந்தியிருந்தவர்களில் மூவர் பத்தொன்பது வயதைக் காணவில்லை. கவிதையையும் ஆங்கிலத்தையும் கொண்டு இந்த நாட்டில் நன்றாகவே பிழைத்த நான், சேருக்குப் போட்டது ஒரேயொரு பொங்கல் வாழ்த்து மட்டுந்தான்.

ஸ்கொப்விக் இடுகாட்டில் மகீயின் கல்லில் கவிதையின் முதல் வரியும் கடைசி வரியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கைபேசியை எடுக்காமல், இடையிலுள்ளவற்றைச் சேரின் உச்சரிப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது வரியோடு நின்றுவிட்டது.