செத்த அமைச்சர் போட்ட ஓட்டு

சுகாதாரத் துறை அமைச்சர் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. கறுப்புக் கரை, பின்னணியில் சோக இசை, கீழே "இரங்கல் தெரிவி" என்று ஒரே ஒரு பொத்தான். தெரிவித்தேன். அடுத்த அமைச்சரவைக் கூட்டத்தில் அதே மனிதர் தன் நாற்காலியில் உட்கார்ந்து என் பட்ஜெட்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்.

துப்பாக்கிச் சண்டை கேம் என்றால் இந்த இடத்தில் சிரித்துவிட்டு, பக் (கேமை எழுதியவர்கள் விட்ட பிழை) என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். சுவருக்குள் பாதி உடம்பு புதைந்து நிற்கும் சிப்பாயைப் பார்த்து 'இதில் ஏதோ வியூகம் இருக்கிறது' என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இது அரசியல் வியூக கேம், நான் அதில் பிரதமர், செத்தவர் ஓட்டுப் போடுவது அரசியலில் நடக்குமா நடக்காதா என்று யோசித்தால் நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. யாரோ அவர் கையெழுத்தைப் போடுகிறார்கள், உட்கட்சிச் சதி, உளவுத்துறைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்கு வைத்திருந்த நிதியை எடுத்து உளவுத்துறைக்குக் கொட்டினேன். அறிக்கை வந்தது. "அமைச்சரின் உடல்நிலை: நன்று."

சரி, பதவி நீக்கம் செய்துவிடலாம் என்று போனால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. ஏன் என்று சுட்டியை மேலே கொண்டுபோய் வைத்தால் ஒரு சின்ன விளக்கம்: "இவர் ஏற்கெனவே பதவியில் இல்லை."

இந்த வகை கேம்களில் எனக்குள்ள முக்கியமான புகார் இதுதான். எது பக், எது அரசியல் என்று பிரித்தே பார்க்க முடிவதில்லை. நம்மைக் குழப்புவதற்கென்றே செய்த கேம் என்பதால் அது தானாகக் குழம்பும்போதும் நாம் மரியாதையோடு உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கிறோம். மக்கள் ஆதரவு ஒரே வாரத்தில் தலைகுப்புற விழுகிறது, காரணம் என்ன என்று பார்த்தால் "பிற காரணங்கள்" என்று போட்டிருக்கிறது. இதைப் பார்த்துத் திட்டுவதா, அடடா எவ்வளவு யதார்த்தம் என்று மெச்சுவதா?

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. 1991இல் வந்த 'சிவிலைசேஷன்' கேமைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. ஆளுக்கொரு நாட்டை ஆளும் அந்த கேமில் இந்தியாவின் தலைவரான காந்திக்கு ஆக்ரோஷ மதிப்பெண் வெறும் 1. அவர் நாடு ஜனநாயகத்துக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழியும், அது மைனஸ் 1 ஆக வேண்டும், ஆனால் அதை எழுதி வைத்த 8 பிட் எண்ணில் மைனஸ் கிடையாது, 0 முதல் 255 வரைதான் என்பதால் சுற்றிக்கொண்டு 255 ஆகிவிடும், உடனே காந்தி எல்லா நாட்டின் மேலும் அணுகுண்டு வீச ஆரம்பித்துவிடுவார். அழகான கதை. பல வருஷம் எல்லோரும் நம்பிய கதை. அப்படி ஒரு பக் அந்த கேமில் இருந்ததே இல்லை என்று அதை உருவாக்கிய சிட் மையரே 2020இல் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவிட்டார். அதற்கு முன்பே, 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில், காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்து வேறு விட்டிருந்தார்கள், சும்மா தமாஷுக்கு. அதாவது முதல் பாகத்தில் இல்லாத பக்கை எல்லோரும் பார்த்தார்கள், நிஜமாகவே அது இருந்த பாகத்தில் அது பக் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் நான் என் சுகாதார அமைச்சரைச் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு?

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வயிற்றெரிச்சல் அங்கேதான். பெரிய பெரிய ஸ்டூடியோக்கள் பல வருஷம் உழைத்து வெளியிடும் கேமுக்கு என்ன விலையோ அதே விலை இதற்கும். அந்தக் காசுக்குக் கிடைப்பது ஒரே ஒரு அவை கொண்ட நாடாளுமன்றம். மேலவை வேண்டுமென்றால் அது தனி டிஎல்சி, அதாவது மேற்கொண்டு காசு கொடுத்து வாங்க வேண்டிய இணைப்பு. பத்திரிகைகள் ஒரு டிஎல்சி. நீதிமன்றம் இன்னொன்று, அதுவும் "விரைவில்" என்று போட்டிருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் மட்டும் இலவசம், ஆனால் அவர் வாய் திறந்து பேசுவது "குரல் தொகுப்பு" வாங்கியவர்களுக்குத்தான், மற்றவர்களுக்கு அவர் உதட்டை மட்டும் அசைப்பார். அந்த உதட்டசைவு மட்டும் பிரமாதமாக இருக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். அமைச்சர்களின் தலைமுடி ஒவ்வொரு இழையும் காற்றில் ஆடுகிறது, பூட்டிய அறையில் எங்கிருந்து காற்று வருகிறது என்றுதான் தெரியவில்லை. 1985இல் கிறிஸ் கிராஃபோர்ட் செய்த 'பேலன்ஸ் ஆஃப் பவர்' என்று ஒரு கேம் இருந்தது. பனிப்போர் காலத்து வல்லரசு ஒன்றை நீங்கள் நடத்த வேண்டும். அணு ஆயுதப் போரை மூட்டிவிட்டால் குண்டு வெடிக்கும் காட்சியெல்லாம் காட்டாது, தோற்பவர்களுக்கு நாங்கள் பரிசு தருவதில்லை என்ற அர்த்தத்தில் எழுத்தில் நாலு வரி சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும். நாலு வரி! இங்கே எனக்கு ஒரு நகராட்சித் தீர்மானம் தோற்றாலே கம்ப்யூட்டர் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றுகிறது.

திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பொதுவான விதி, வாங்கிய 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது. நல்ல விதிதான். ஆனால் இந்த மாதிரி கேமில் 2 மணி நேரம் முடியும்போது டுடோரியல் நம்மிடம் "வரி என்றால் என்ன?" என்று விளக்கிக்கொண்டிருக்கும். அதுவரை பக் எதுவும் கண்ணில் படாது, ஏனென்றால் அதுவரை நாம் எதையும் தொட விடுவதே இல்லை.

கஜானா கதை தனிக் கதை. சிக்கனமாக ஆட்சி செய்து, ஊழியர் சம்பளத்தையெல்லாம் நிறுத்தி வைத்து (கேமில்தான்), பணத்தைச் சேர்த்துக்கொண்டே போனேன். 200 கோடியைத் தாண்டியது, 210 ஆனது, சந்தோஷமாக ஒரு வாரம் நகர்த்தினேன், கஜானாவில் மைனஸ் 214 கோடி. நாடு திவால். எதிர்க்கட்சித் தலைவர் ஆவேசமாக உதட்டை அசைக்கிறார். கம்ப்யூட்டரில் மைனஸுக்கும் இடம் வைத்த 32 பிட் முழு எண்ணுக்கு உச்சவரம்பு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 என்பதும், அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் சட்டென்று மைனஸ் பக்கம் போய் விழும் என்பதும் எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் என் அரசியல் மூளை சொன்னது ஒன்றே ஒன்று, நிதி அமைச்சர் சுருட்டிவிட்டார். விசாரணை கமிஷன் அமைத்தேன். கமிஷனும் ஒழுங்காக உட்கார்ந்து, பல மாதம் எடுத்துக்கொண்டு, இரண்டு முறை கால நீட்டிப்பும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "யாரும் பொறுப்பல்ல" என்று அறிக்கை கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் அந்த கேம் முழுவதிலும் உண்மையைச் சொன்ன ஒரே அமைப்பு அதுதான்.

வெளியுறவில் மட்டும் நான் கொடிகட்டிப் பறந்தேன். பக்கத்து நாடு போர் அறிவித்துப் படையை அனுப்பியது, நானும் அனுப்பினேன், இரண்டு படையும் எல்லையில் உள்ள பாலத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டன. ஒரு குண்டு வெடிக்கவில்லை. சிப்பாய்கள் அங்கேயே நின்றபடி நடந்துகொண்டிருந்தார்கள். போர் நடக்கிறது, ஆனால் யாரும் சாகவில்லை என்பதால் இரண்டு நாட்டு மக்களும் தங்கள் தலைவர்களைக் கொண்டாடினார்கள், எனக்குச் "சமாதானத் தூதர்" என்று பதக்கம்கூட வந்தது.

இதற்கிடையில் செத்த அமைச்சரிடம் ஒரு மாற்றம். உயிரோடு இருந்தபோது அவருடைய விசுவாசம் 30ஐத் தாண்டாது. இறந்த பிறகு மாதாமாதம் ஏறி 90க்கு வந்துவிட்டது. பதவி ஆசை இல்லை, சம்பள பாக்கி என்று முறைப்பதில்லை, கட்சி மாற மாட்டார், வெளிநாட்டுப் பயணம் கேட்க மாட்டார். எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் இப்போது எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறார். இதே கேமை வாங்கி மாட்டிக்கொண்ட நண்பனிடம் சொன்னேன்.

"உனக்கு எத்தனை பேர் செத்திருக்காங்க?" என்று கேட்டான்.

"அமைச்சர் ஒருத்தர், எம்.பி.க்கள் கொஞ்சம்."

"பத்தாது மச்சான். சுகாதாரத் துறை நிதியை வெட்டு, தானா சேரும்."

"இது பக் தானேடா?"

"பக்கோ என்னவோ, பெரும்பான்மை வந்துச்சா இல்லையா?"

வந்தது. வயதான எம்.பி.க்கள் ஒவ்வொருவராகப் போகப் போக என் ஆட்சி அசைக்க முடியாததாக ஆனது. இரங்கல் பொத்தானை அழுத்தும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது. பட்ஜெட், சட்டத் திருத்தம், எதைக் கொண்டுபோனாலும் நிறைவேறியது. கேம் வாங்கியதற்கு முதல்முறையாகக் காசு வசூலாவது போல இருந்தது.

அப்போதுதான் பக்குகளைச் சரிசெய்யும் பேட்ச் வந்தது.

விளையாடுபவர்களின் கோரிக்கையை ஏற்று என்று ஆரம்பித்து ஒரு நீளமான பட்டியல். அதில் ஒரு வரி, "பாலத்தில் படைகள் சிக்கிக்கொள்ளும் பிரச்சினை சரிசெய்யப்பட்டது." இன்னொரு வரி, "உறுப்பினர்கள் இறந்த பிறகும் வாக்களிப்பது சரிசெய்யப்பட்டது." கஜானாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்டேட் வேண்டாம் என்று நிறுத்தப் பார்த்தேன், அதற்குள் அது தானாக இறங்கி முடித்திருந்தது.

திறந்த முதல் வாரத்திலேயே பாலம் விடுபட்டு இரண்டு படைகளும் பாய்ந்தன, தலைநகர் வரை தீ. சமாதானப் பதக்கத்தை ஏந்திக்கொண்டு போர்க்கால அவசரச் சட்டத்தை அவையில் வைத்தேன், என் பக்கம் பாதி நாற்காலி காலி. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, அதே கூட்டத்தில் என் ஆட்சி கவிழ்ந்தது. சரி, காலியான இடங்களுக்கு இடைத்தேர்தல் நடத்தினால் மீண்டு வரலாம் என்று பார்த்தால், இடைத்தேர்தல் என்பது தனி டிஎல்சியாம். வாங்காவிட்டால் அந்த இடங்கள் காலியாகவே கிடக்குமாம். கோபத்தில் புகார் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். "எதிர்பார்த்தபடியே இயங்குகிறது" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது.

இப்போது நான் எதிர்க்கட்சித் தலைவர். குரல் தொகுப்பு வாங்காததால் நானும் உதட்டைத்தான் அசைக்கிறேன். எனக்கு இயங்கும் ஒரே பொத்தான் "வெளிநடப்பு". அதை அழுத்தினால் கேம் க்ராஷ் ஆகி டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. இதை மட்டும் நான் புகார் செய்யவில்லை, பேட்ச் போட்டுச் சரிசெய்துவிடுவார்கள்.