கவுன்ட் நார்மல்தான், ரத்தம் நிற்கவில்லை

நவம்பர் 6

மழை பிடித்துவிட்டது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பிளேட்லெட் எவ்வளவு?" டெங்கு நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. இன்று வந்த சிறுமிக்கோ காய்ச்சலே இல்லை. அடிக்கடி மூக்கில் ரத்தம், லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. எண்ணிக்கை 2,60,000. "நார்மல்னு போட்டிருக்கே மேடம், அப்புறம் ஏன் நிக்கல?" என்றார் அம்மா. தாய்மாமனைக் கட்டியவர் அவர்.

நவம்பர் 7

அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தட்டணு, அதாவது பிளேட்லெட், இருந்தால் மட்டும் போதாது, அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் (மற்றவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) வேலை செய்ய வேண்டும். ரத்தக்குழாய் கிழிந்ததும் அதன் சுவரிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரியும். அதில் ரத்தத்திலுள்ள வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதம் ஒட்டும். வேகமாக ஓடும் தட்டணுவை ஜிபி1பி ஏற்பி அந்தக் காரணியில் பற்றி நிறுத்துகிறது. ஜிபி6 என்ற இன்னொரு ஏற்பி கொலாஜனைத் தொட்டதும் தட்டணுவுக்கு உள்ளே தூண்டல். ஏடிபி என்ற வேதிப்பொருள் வெளியேறி, பி2ஒய்12 என்ற ஏற்பி வழியாக அக்கம்பக்கத்துத் தட்டணுக்களையும் உசுப்புகிறது. கடைசியில்தான் ஜிபி2பி/3ஏ என்ற ஏற்பி. ஒரு தட்டணுவில் சுமார் 80,000 இருக்கும். சாதாரண நேரத்தில் மடங்கியே கிடக்கும். தூண்டல் வந்தால் நிமிர்ந்து, ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடிக்கும். அதன் இரு முனையிலும் ஆளுக்கொரு தட்டணு. எனக்கு இதில் பிடித்ததே அந்த மடக்கம்தான். எப்போதும் நிமிர்ந்தே இருந்தால் ஓடுகிற ரத்தமே உறைந்துவிடும்.

நவம்பர் 9

தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கப் புதிதாக ரத்த மாதிரி எடுத்தோம். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வேளச்சேரித் தண்ணீரில் வண்டி மாட்டாமல் இருக்க, அவர்களையே இங்கே வரவழைத்தது நல்லதாகப் போயிற்று.

தூண்டும் பொருளைச் சேர்த்துத் தட்டணுக்கள் ஒட்டினால் வரைபடத்தில் கோடு எழும். ஏடிபி, கொலாஜன், எபிநெஃப்ரின் மூன்றுக்கும் கோடு எழவே இல்லை. ரிஸ்டோசெட்டின் என்ற பொருளுக்கு மட்டும் எழுந்தது. அதற்கு ஜிபி1பி போதும். முடிவு இதற்கு நேர்மாறாக இருந்திருந்தால், ஜிபி1பி குறைபாடான பெர்னார்ட்-சூலியர் நோய் என்று சந்தேகப்பட்டிருப்போம். இது 1918இல் கிளான்ஸ்மன் என்ற மருத்துவர் விவரித்த, ஜிபி2பி/3ஏ குறைபாட்டு நோய் போலத்தான் தெரிகிறது.

நவம்பர் 12

தட்டணுவின் மேலுள்ள ஏற்பிகளை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவு வந்தது. ஜிபி2பி/3ஏ-யின் இரு பாகங்களான சிடி41, சிடி61 இரண்டுமே ஏறக்குறைய இல்லை. சரி, உறுதி.

விசித்திரம் என்னவென்றால், ஆஞ்சியோபிளாஸ்டியின்போது சிலருக்கு டிரோஃபிபன் என்ற மருந்தை ஏற்றி இதே ஏற்பியைத்தான் வேண்டுமென்றே அடைக்கிறார்கள்.

ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடவே கூடாது, பல் பிடுங்குவதற்கு முன் ரத்தவியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். "பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?" என்றார் அப்பா. எண்ணிக்கை குறையவே இல்லையே, எதற்கு?

தம்பி ஒருவன் இருக்கிறானாம். சொந்தத்தில் கட்டிய பெற்றோர் இருவரும் இந்த நோயின் மரபணுவைச் சுமப்பதால் அவனுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வெள்ளிக்கிழமை அழைத்து வருகிறார்கள்.